தோலில் கொப்புளம், வயிற்றில் கோளாறு: இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டிய நோய்கள்

கேள்வி தொண்டிக்கு அருகிலிருந்து ஒரு தம்பி எழுதியது. முப்பத்தாறு வயதான அவருடைய அக்காவுக்கு நெடுநாளாக முழங்கை, முழங்கால், பிட்டம் ஆகிய இடங்களில் தாங்க முடியாத அரிப்புடன் சிறு சிறு நீர்க்கொப்புளங்கள் கூட்டமாகத் தோன்றி மறைகின்றன, அடிக்கடி வயிறு இளகிப் போகிறது, ரத்தச்சோகையும் இருக்கிறது. வேளார் வீட்டில் இருமுறை அக்கி எழுதியும் குணமில்லை. கரப்பான் என்று பெரியவர்கள் சொன்னதால் மீன், கருவாடு, கத்தரிக்காய் மூன்றையும் நிறுத்திவிட்டு, காலையில் கோதுமை ரவை உப்புமாவும் இரவில் சப்பாத்தியும் கொடுத்து வருகிறார்கள். தோலில் வரும் கொப்புளத்துக்கும் குடலுக்கும் தொடர்பு உண்டா, எந்த உணவை நிறுத்த வேண்டும் என்பதே அவர் கேட்பது.

தொடர்பு உண்டு. ஆனால் அது எல்லாக் கொப்புள நோய்களுக்கும் ஒரே வகையான தொடர்பு அன்று. சில நோய்களில் குடலில் தொடங்கும் கோளாறு தோலில் வெளிப்படுகிறது. சிலவற்றில் தோலைத் தாக்கும் அதே எதிர்ப்புப் புரதம் (ஆன்டிபாடி) உணவுக்குழாயையும் தாக்குகிறது. வேறு சிலவற்றில் தோல்நோய்க்குக் கொடுக்கும் மருந்தே குடலைக் கெடுக்கிறது. எந்த வகை என்று தெரியாமல் உணவை நிறுத்தினால் நோயாளி மெலிவதைத் தவிர வேறு பயன் இராது. உங்கள் வீட்டில் நிறுத்தப்பட்ட மூன்றில் எதுவும் இந்த நோய்களுக்குக் காரணம் அன்று என்பதையும், ஒருவேளை காரணமாக இருக்கக்கூடிய ஒரே பொருளான கோதுமையைத்தான் இப்போது இரு வேளையும் கொடுத்து வருகிறீர்கள் என்பதையும் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறேன்.

அதற்காக நாளையே கோதுமையை நிறுத்திவிட வேண்டாம். அதன் காரணத்தைப் பின்னர் சொல்கிறேன். முதலில் பார்க்க வேண்டியது மிக எளிய ஒன்று. முழங்கையிலும் பிட்டத்திலும் அரிப்பு என்றால் நம் பகுதியில் பெரும்பாலானவருக்கு அது சிரங்குப் பூச்சியால் வருவதே. இரவில் அரிப்பு கூடுகிறதா, விரல் இடுக்குகளில் தடிப்பு இருக்கிறதா, வீட்டில் வேறு யாருக்கும் அரிக்கிறதா என்று பாருங்கள். மூன்றுக்கும் ஆம் என்றால் பெர்மெத்ரின் களிம்பை வீட்டார் அனைவரும் ஒரே நாளில் பூசி, ஒரு வாரம் கழித்து மறுபடி பூசினால் பெரும்பாலும் தீர்ந்துவிடும். இதைக் கடந்த பிறகே அரிய நோய்களைத் தேட வேண்டும். அக்கி எழுதுவதைப் பற்றியும் ஒரு சொல்: உண்மையான அக்கி உடலின் ஒரு பக்கத்தில் மட்டும் பட்டையாக வந்து, இரண்டு மூன்று வாரங்களில் தானே ஆறிவிடும். காவி பூசியபின் ஆறியதாகத் தோன்றுவதற்கு அதுவே காரணம். இருபுறமும் சமச்சீராக, மாதக்கணக்கில் திரும்பத் திரும்ப வருவது அக்கி அன்று.

நீங்கள் எழுதியிருக்கும் குறிகளோடு நெருங்கிப் பொருந்தும் நோயின் பெயர் டெர்மடைட்டிஸ் ஹெர்பெட்டிஃபார்மிஸ். அமெரிக்கத் தோல் மருத்துவர் லூயி டூரிங் 1884-இல் இதை விவரித்தார். பெயரில் ஹெர்பெஸை நினைவூட்டும் சொல் இருந்தாலும் இதற்கும் ஹெர்பெஸ் கிருமிக்கும் எந்த உறவும் இல்லை. கொப்புளங்கள் கூட்டமாக இருக்கும் தோற்றத்தை வைத்து இட்ட பெயர் அது. ஏறத்தாழ எண்பது ஆண்டுகள் இதைத் தோலோடு நின்றுபோகும் நோய் என்றே எண்ணியிருந்தார்கள். 1960-களின் நடுவில் இந்நோயாளிகளின் சிறுகுடலிலிருந்து சதைத்துணுக்கு எடுத்துப் பார்த்தபோது, சீலியாக் என்னும் குடல்நோயில் காணப்படுவதைப் போலவே குடலுறிஞ்சிகள் தேய்ந்து தட்டையாகியிருப்பது தெரிந்தது. கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் உள்ள குளூட்டன் என்னும் புரதமே சீலியாக் நோய்க்குக் காரணம் என்பது, நெதர்லாந்தின் குழந்தை மருத்துவர் டிக்கே செய்த ஆய்வால் அதற்குள் நிலைபெற்றிருந்தது. ஆகவே ஒரே நோய்க்குக் குடலில் ஒரு முகமும் தோலில் ஒரு முகமும் இருப்பதாக இன்று கொள்கிறோம்.

இது நிகழும் விதம் இவ்வாறு. மரபுவழியில் எச்.எல்.ஏ. டி.க்யூ. 2 அல்லது டி.க்யூ. 8 என்னும் மரபணு வகை அமைந்தவர்களில் சிலருக்குக் குளூட்டனின் துண்டுகள் குடற்சுவரில் நுழையும்போது உடலின் எதிர்ப்பு அணுக்கள் தூண்டப்பட்டு, திசுவில் உள்ள டிரான்ஸ்குளூட்டமினேஸ் என்னும் நொதிக்கு எதிராக ஐ.ஜி.ஏ. வகை எதிர்ப்புப் புரதங்கள் உருவாகின்றன. குடலில் இருப்பது இந்த நொதியின் இரண்டாம் வகை, மேல்தோலில் இருப்பது மூன்றாம் வகை. இரண்டும் உருவில் நெருங்கியவை. மூன்றாம் வகைக்கு எதிரான புரதம் தோலுக்கு வந்து, உட்தோலின் மேல்நுனிகளில் துகள் துகளாகப் படிகிறது. அங்கே வெள்ளணுக்கள் குவிந்து, மேல்தோலை அடியிலிருந்து பிரித்துக் கொப்புளமாக்குகின்றன. அரிப்பு மிகக் கடுமையாக இருப்பதால் நோயாளி சொறிந்து கொப்புளத்தை உடைத்துவிடுவார். மருத்துவர் பார்க்கும்போது கீறலும் பொருக்கும்தான் இருக்கும், முழுக் கொப்புளம் ஒன்றுகூட இருக்காது. பல ஆண்டுகள் எக்ஸிமா என்று களிம்பு பூசிக் காலம் கழிவது இதனால்தான்.

இந்நோயாளிகளில் பெரும்பாலோருக்கு வயிற்றில் தொல்லை எதுவும் தெரியாது. குடலுறிஞ்சிகள் தேய்ந்திருந்தும் ஒழுங்காக மலம் கழிப்பார்கள், எடையும் குறையாது. இரும்புச்சத்து குறைவால் வரும் ரத்தச்சோகை மட்டுமே தடயமாக இருக்கும். உங்கள் அக்காவுக்கு இரும்பு மாத்திரை கொடுத்தும் ரத்தம் ஏறவில்லை என்றால் அதை மாதவிலக்கின் மேல் சுமத்திவிட்டுப் போகாமல், குடல் இரும்பை உறிஞ்சுகிறதா என்று கேட்க வேண்டும்.

தென்னிந்தியாவில் சீலியாக் நோய் அரிது என்பதையும் மறைக்கக் கூடாது. 2016-இல் வெளிவந்த ஒரு பெரிய இந்திய ஆய்வில், சீலியாக் எதிர்ப்புப் புரதம் வட இந்தியாவில் 1.23 விழுக்காட்டினரிடமும் வடகிழக்கில் 0.87 விழுக்காட்டினரிடமும் இருக்க, தெற்கில் 0.10 விழுக்காட்டினரிடமே காணப்பட்டது. தெற்கில் கோதுமை மிகக் குறைவாக உண்ணப்படுவது இதற்கான காரணங்களுள் ஒன்றாகக் கருதப்படுகிறது. ஆனால் இராமநாதபுரம் கடற்கரையின் உணவுத்தட்டு இன்று நெல்லுச்சோறும் மீன்குழம்பும் மட்டும் அன்று. கீழக்கரையிலும் தேவிபட்டினத்திலும் இரவுக் கடைகளில் பரோட்டா. சர்க்கரை நோய் வந்த வீடுகளில் சப்பாத்தி. கடலுக்குப் போகிறவர்கள் கையில் பன்னும் ரஸ்க்கும். அரிதான நோய் அரிதாகவே இருக்கலாம், ஆனால் அதைத் தேடவே மாட்டேன் என்று ஒரு மருத்துவர் இருக்கக் கூடாது.

கண்டறிய இரண்டு சோதனைகள் போதும். ஒன்று, டிரான்ஸ்குளூட்டமினேஸ் எதிர்ப்புப் புரதத்துக்கான ரத்தப் பரிசோதனை. மற்றது தோல் பயாப்சி. அதையும் கொப்புளத்திலிருந்து எடுக்காமல், கொப்புளத்துக்குச் சற்று அருகே நல்ல தோலிலிருந்து எடுத்து, படிந்த எதிர்ப்புப் புரதத்தை ஒளிரச் செய்து காட்டும் நேரடி இம்யூனோஃப்ளூரசென்ஸ் முறையில் பார்க்க வேண்டும். கொப்புளத்துக்குள்ளேயே எடுத்தால் அங்கே குவிந்த வெள்ளணுக்கள் ஐ.ஜி.ஏ. படிவை அழித்திருக்கும், சோதனை பொய்யாக இல்லை என்று சொல்லும். நம் மாவட்டத்துக்கு இன்னொரு எச்சரிக்கை: துணுக்கை இராமநாதபுரத்தில் எடுத்து மதுரைக்கோ வேறு நகருக்கோ அனுப்பும்போது, வழக்கமான பயாப்சி போல ஃபார்மலினில் போட்டுவிட்டால் இச்சோதனையே செய்ய முடியாமல் போகும். இச்சோதனைக்கென உள்ள மிஷெல் திரவத்தில் போட்டால் சில நாட்கள் தாங்கும். அது கிடைக்காவிட்டால் உப்புக்கரைசலில் போட்டு ஒரு நாளுக்குள் சேர்த்துவிட வேண்டும். துணுக்கு எடுப்பதற்கு முன்பே இதைக் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். இரண்டாம் முறை தோலை வெட்டிக்கொள்ள யாரும் விரும்புவதில்லை.

கோதுமையை இப்போதே நிறுத்த வேண்டாம் என்றேன் அல்லவா. நிறுத்திச் சில மாதங்கள் ஆகிவிட்டால் ரத்தத்தில் எதிர்ப்புப் புரதம் குறைந்து, குடலும் தேறத் தொடங்கி, நோய் இருந்ததா இல்லையா என்றே சொல்ல முடியாத நிலை வந்துவிடும். வாழ்நாள் முழுதும் கடைப்பிடிக்க வேண்டிய ஒரு பத்தியத்தை ஊகத்தின் பேரில் தொடங்குவது சரியன்று.

நோய் உறுதியானால் டாப்ஸோன் கொடுப்பார்கள். அரிப்பு ஓரிரு நாட்களிலேயே அடங்குவதைப் பார்த்து நோயாளியே வியந்துபோவார். இம்மருந்து தொழுநோய்க்கும் கொடுக்கப்படுவது. மருந்துக் கடையில் யாராவது அப்படிச் சொல்லிவிட, வீட்டில் அச்சம் புகுந்து மாத்திரை குப்பைக்குப் போவதும் உண்டு. தொழுநோய் என்பதற்காக இது கொடுக்கப்படவில்லை என்பதை முன்கூட்டியே எல்லாருக்கும் சொல்லிவிடுவது நல்லது. தொடங்குமுன் ஜி-6-பி.டி. நொதி குறைபாடு இல்லை என்று சோதித்தாக வேண்டும். அக்குறைபாடு உள்ளவர்களுக்கு இம்மருந்து சிவப்பணுக்களைச் சிதைத்துவிடும். முதல் சில மாதங்கள் ரத்த அணுக்களின் எண்ணிக்கையை அடிக்கடி பார்க்க வேண்டும். காய்ச்சலும் தொண்டைப் புண்ணும் வந்தாலோ உதடு நீலம் பாரித்தாலோ மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

டாப்ஸோன் தோலை மட்டும் அடக்கும், குடலைத் தேற்றாது. குடலைத் தேற்றுவது குளூட்டன் இல்லாத உணவு ஒன்றே. அது தோலையும் நாளடைவில் ஆற்றும். ஆனால் அதற்குப் பல மாதங்கள், சிலருக்கு இரண்டு ஆண்டுகள்கூட ஆகும். நெடுங்காலம் கவனிக்காமல் விட்ட சிலருக்குக் குடலில் லிம்ஃபோமா என்னும் புற்றுநோய் வரக்கூடும் என்பதாலும், உணவுக் கட்டுப்பாடு அந்த ஆபத்தைக் குறைக்கிறது என்பதாலும், மாத்திரையிலேயே காலம் தள்ளுவதை நான் ஏற்பதில்லை.

நம் ஊரில் இப்பத்தியம் கடினமானது அன்று. சோறு, இட்லி, தோசை, இடியாப்பம், அரிசிப்புட்டு, கேழ்வரகு, கம்பு, சோளம், பருப்பு, மீன், முட்டை, இறைச்சி எல்லாம் தாராளமாக உண்ணலாம். ரவை, சேமியா, மைதா, பிஸ்கட், கோதுமை அல்வா, பார்லி சேர்ந்த மால்ட் பானங்கள் ஆகாது என்பதும் எளிதில் புரியும். மாட்டிக்கொள்வது பெருங்காயத்தில்தான். கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயம் பலவற்றில் கோதுமை மாவு சேர்ந்திருக்கிறது. ஒவ்வொரு நாளும் ரசத்திலும் சாம்பாரிலும் போய்ச் சேரும் இந்தச் சிட்டிகையால் உணவுக் கட்டுப்பாடு தோற்றுப்போவதுண்டு. மீன் பொரிக்கும்போது ரவையிலோ மைதாவிலோ புரட்டுவதும், பரோட்டாக் கல்லிலேயே தோசை வார்த்து வாங்குவதும் அப்படித்தான்.

மீனைப் பற்றிய அச்சத்தில் ஒரு துளி உண்மை உண்டு. அயோடின் அதிகமாகச் சேர்ந்தால் இந்தத் தோல்நோய் கிளர்ந்தெழும். பொட்டாசியம் அயோடைடு கலந்த பழைய இருமல் மருந்துகளால் இது நெடுங்காலமாக அறியப்பட்டது. கடற்பாசியில் அயோடின் மிகுதி. ஆகவே மன்னார் வளைகுடாக் கரையில் காய்ச்சிக் குடிக்கும் கஞ்சிப்பாசியையும், கடற்பாசி மாத்திரைகளையும் நோய் அடங்கும்வரை தவிர்ப்பது தகும். வழக்கமான அளவில் உண்ணும் மீனை நிறுத்த வேண்டியதில்லை. புரதமும் இரும்பும் தேவைப்படும் ஒருவரிடமிருந்து அதைப் பறிப்பது தீங்கே.

இனி மற்ற நோய்கள். பெம்ஃபிகஸ் வல்காரிஸ் பெரும்பாலும் வாய்ப்புண்ணாகத் தொடங்குகிறது. தோலில் தளர்ந்த கொப்புளங்கள் வரப் பல மாதங்கள் ஆகலாம். மேல்தோலின் அணுக்களை வலையின் முடிச்சுப் போலப் பிணைத்திருக்கும் டெஸ்மோகிளைன் என்னும் புரதத்தையே இந்நோயின் எதிர்ப்புப் புரதம் தாக்குகிறது. அடுக்கடுக்கான அணுக்களால் ஆன வாய், தொண்டை, உணவுக்குழாய், ஆசனவாய் ஆகியவற்றில் இது புண்ணாக்கும். சிலருக்கு உணவுக்குழாயின் உட்படலமே உரிந்து வாந்தியில் வருவதுண்டு. இரைப்பைக்குக் கீழே உள்ள குடலின் உட்படலம் வேறு வகை அணுக்களால் ஆனது. டெஸ்மோகிளைனின் மூன்றாம் வகை அங்கே இல்லை. ஆகவே பெம்ஃபிகஸ் நோயாளிக்கு வயிற்றுப்போக்கு வந்தால் அதை நோயின் கணக்கில் எழுதாமல் வேறு காரணம் தேட வேண்டும். பெரும்பாலும் அக்காரணம் மருந்தாக இருக்கும்: மைகோஃபீனோலேட் வயிற்றை இளக்கும், அசாதையோப்ரின் குமட்டும்.

பெம்ஃபிகஸுக்குக் கொடுக்கும் ஸ்டீராய்டால் வரக்கூடிய ஓர் ஆபத்தைத் தனியே சொல்ல வேண்டும். ஈரமண்ணில் வெறுங்காலோடு நடப்பவர்களின் தோலைத் துளைத்துக் குடலில் குடியேறும் ஸ்ட்ராஞ்சிலாய்டஸ் என்னும் புழு, பல்லாண்டுகள் ஓசையின்றி உடலிலேயே பெருகிக்கொண்டிருக்கும். அதிக அளவில் ஸ்டீராய்டு கொடுத்ததும் அது கட்டுமீறிப் பெருகி நுரையீரலுக்கும் ரத்தத்துக்கும் பரவி உயிரைப் பறிக்கக்கூடும். இந்த ஆபத்து இருக்கக்கூடியவர்களுக்கு ஸ்டீராய்டு தொடங்குமுன் மலப் பரிசோதனை செய்வதும், ஐயம் இருந்தால் ஐவர்மெக்டின் கொடுத்துவிடுவதும் செலவு குறைந்த காப்பு. பெம்ஃபிகஸ் நோயாளியின் உணவைப் பொறுத்தவரை, காரமும் புளிப்பும் முறுக்கு போன்ற மொறுமொறுப்பும் புண்ணைக் கீறும்; முள் நீக்கிய மீனைக் காரமின்றிக் குழைய வேகவைத்துச் சோற்றோடு பிசைந்து கொடுத்தால் போதும்.

முதியவர்களுக்கு இறுக்கமான பெரிய கொப்புளங்களாக வரும் புல்லஸ் பெம்ஃபிகாய்டில் குடல் நேரடியாகப் பாதிக்கப்படுவது குறைவு. அவர்கள் சர்க்கரை நோய்க்கு, இந்நோயைத் தூண்டக்கூடிய வில்டாகிளிப்டின் போன்ற மாத்திரை உண்கிறார்களா என்று பார்ப்பதே அங்கே முதல் வேலை. அரியதான எபிடெர்மோலைசிஸ் புல்லோசா அக்விசிட்டா வேறு கதை. மேல்தோலை உட்தோலோடு பிணைக்கும் ஏழாம் வகைக் கொலாஜன் என்னும் புரதம் பெருங்குடலிலும் இருக்கிறது. இந்நோயாளிகளில் குறிப்பிடத்தக்க பகுதியினருக்குக் குடலழற்சி நோயும், அதிலும் கிரோன் நோயும் சேர்ந்திருக்கின்றன. அடிபட்ட இடத்திலெல்லாம் கொப்புளமும், மலத்தில் ரத்தமும் இருந்தால் கொலோனோஸ்கோப்பி தேவை. அதே கொலாஜன் பிறவியிலேயே குறைபட்ட குழந்தைகளுக்கு உணவுக்குழாய் சுருங்கி விழுங்க முடியாமல் போகும். ஆசனவாய் வெடிப்பின் வலிக்கு அஞ்சி மலத்தை அடக்கி மலச்சிக்கலும் வரும். நெருங்கிய உறவுக்குள் மணம் முடிக்கும் குடும்பங்களில் இது கூடுதலாகத் தென்படுகிறது.

குழந்தைகள் என்றதும் அக்ரோடெர்மடைட்டிஸ் என்டெரோபதிகாவைச் சொல்லாமல் விட முடியாது. குடலிலிருந்து தோலுக்கு வரும் நோய்களில் இதைப்போல எளிதில் குணமாவது வேறில்லை. குடல் துத்தநாகத்தை உறிஞ்ச முடியாததே இதன் காரணம். தாய்ப்பால் குடிக்கும்வரை நன்றாக இருக்கும் குழந்தைக்கு, பால் மறக்கடித்துக் கூழோ கஞ்சியோ கொடுக்கத் தொடங்கிய சில வாரங்களில் வாயைச் சுற்றியும் ஆசனவாயைச் சுற்றியும் கை கால் நுனிகளிலும் கொப்புளமும் சீழும் பொருக்கும் தோன்றும், முடி உதிரும், வயிற்றுப்போக்கு நிற்காது, குழந்தை ஓயாமல் அழும். டான்போல்ட்டும் குளோசும் 1942-இல் இதை விவரித்தபோது இது பெரும்பாலும் உயிர்க்கொல்லி. 1970-களில் துத்தநாகம் கொடுக்கத் தொடங்கியபின் கதை மாறிவிட்டது: உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு ஏறக்குறைய 3 மில்லிகிராம் வீதம் கொடுத்தால் சில நாட்களில் வயிற்றுப்போக்கு நிற்கும், சில வாரங்களில் தோல் ஆறும், ஆனால் வாழ்நாள் முழுதும் தொடர வேண்டும். வயிற்றுப்போக்குக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் 14 நாட்கள் கொடுக்கும் துத்தநாக மாத்திரையில் தோலும் சேர்ந்து ஆறி, நிறுத்தியதும் திரும்பினால், அதைத் தாய் மருத்துவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும்.

சீழ்க்கொப்புளங்களில் குடலோடு மிக நெருங்கியது பயோடெர்மா கேங்கிரினோசம். காலில் சிறு சீழ்க்கட்டியாகத் தொடங்கி, ஊதா நிற ஓரத்தோடு கடும் வலியுடன் வேகமாக விரியும் புண் இது. இந்நோயாளிகளில் பலருக்கு அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் அல்லது கிரோன் நோய் இருக்கும். சிலருக்குத் தோற்புண் முந்தி வந்து குடல்நோய் பின்னால் தெரியும். காயம் பட்டால் இது பெருகும் என்பதால், சீழ் என்று கருதிக் கத்தி வைத்தால் புண் இரட்டிப்பாகும். கெளுத்தி முள் குத்திய இடத்தில் வந்த கட்டி அறுக்க அறுக்கப் பெரிதாகிறது என்றால், மேலும் அறுக்குமுன் தோல் மருத்துவரைக் கேட்க வேண்டும். பெஹ்செட் நோயிலும் ஊசி குத்திய இடத்தில் சீழ்க்கொப்புளம் வரும், வாயிலும் பிறப்புறுப்பிலும் புண் வரும், சிறுகுடலும் பெருங்குடலும் சேருமிடத்தில் ஆழ்ந்த புண் உண்டாகும். அதே இடத்தில் கிரோன் நோயும் புண்ணாக்கும், நம் நாட்டில் காசநோயும் புண்ணாக்கும். காசநோய் இல்லை என்று உறுதியாகாமல், டி.என்.எஃப். என்னும் அழற்சிப் புரதத்தை முடக்கும் ஊசி மருந்தைப் போடுவது ஆபத்து. கிரோன் நோய்க்காக அந்த ஊசி போட்டுக்கொண்டவர்களில் சிலருக்கு உள்ளங்கையிலும் பாதத்திலும் தலையிலும் சீழ்க்கொப்புளச் சொரியாசிஸ் புதிதாகத் தோன்றுவதும் உண்டு.

நாட்கணக்கில் காத்திருக்கக் கூடாத நிலை ஒன்று கடற்கரைக்கே உரியது. கல்லீரல் கெட்டவர், குறிப்பாக நெடுநாள் குடிப்பழக்கம் உள்ளவர், கடல்நீரில் காயம் பட்டோ வேகாத சிப்பி உண்டோ ஓரிரு நாட்களுக்குள் காய்ச்சலும் கால்வலியும் ரத்தம் கட்டிய கருஞ்சிவப்புக் கொப்புளங்களும் கண்டால், அது விப்ரியோ வல்னிஃபிகஸ் கிருமியாக இருக்கலாம். மணிக்கணக்கில் உயிர் போகும் நோய் அது. கொப்புளத்துக்கு மருந்து தேடாமல், நரம்பு வழியாக ஆன்டிபயாடிக்கும் அறுவை சிகிச்சையும் கிடைக்கும் மருத்துவமனைக்கு நேரே கொண்டுபோக வேண்டும்.

உங்கள் அக்காவைப் பொறுத்தவரை, இராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் தோல் பிரிவுக்கு முதலில் அழைத்துச் செல்லுங்கள். மாதக்கணக்கில் வயிறு இளகிப் போவதையும், இரும்பு மாத்திரையால் பயன் இருந்ததா இல்லையா என்பதையும், இப்போது அன்றாடம் கோதுமை உண்பதையும் அவர்களாகக் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். தோல் மருத்துவரிடம் வயிற்றைப் பற்றிப் பேசுவதற்குக் கூச்சப்பட்டே பலர் பாதி வரலாற்றை விழுங்கிவிடுகிறார்கள். புதுக் கொப்புளம் எழும்பியவுடன் சொறியுமுன் கைபேசியில் படம் எடுத்துக்கொண்டு போவதும் உதவும். ரத்தப் பரிசோதனையில் ஐயம் எழுந்தால் குடல் மருத்துவர் எண்டோஸ்கோப்பியில் சிறுகுடலின் தொடக்கத்திலிருந்து துணுக்கு எடுத்துப் பார்ப்பார். மீனை இன்றைக்கே மறுபடி கொடுக்கத் தொடங்கலாம். நோய் டெர்மடைட்டிஸ் ஹெர்பெட்டிஃபார்மிஸ்தான் என்று உறுதியானால், அது மரபுவழியில் வருவதால், உடன்பிறந்த நீங்களும் அக்காவின் பிள்ளைகளும் தொல்லை ஏதும் இல்லாவிட்டாலும் அதே ரத்தப் பரிசோதனையை ஒருமுறை செய்துகொள்ள வேண்டும்.